அக்னி மூலையில் ஒரு ஃபிரிட்ஜ்

இராயப்பன்பட்டியில் எங்கள் தெருவின் கடைசி வீடு எட்வின் அண்ணனுடையது. வயது நாற்பத்து மூன்று. ஃபிரிட்ஜ் மெக்கானிக். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை ஹோட்டல், பேக்கரி, பால் கடை, கறிக்கடை என்று எங்கே குளிர் நின்றுபோனாலும் அவருக்குத்தான் போன் வரும். போன ஐப்பசியில் அந்தப் போன் வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஏன் நின்றது, திரும்ப எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். அவரிடமும் கேட்டேன், அவர் மனைவி செலின் அக்காவிடமும் கேட்டேன். கம்பம் வரை போய், இதில் வரும் சமையல்கார பவுனு அக்காவிடமும் கேட்டேன். மூன்று பேர் சொன்னதும் ஒரே ஒரு இடத்தில்தான் ஒத்துப்போகவில்லை. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எட்வின் அண்ணனின் அப்பா திராட்சைப் பந்தலில் மருந்தடிக்கப் போனவர். அண்ணனுக்கு அந்த வாடை ஆகாது. பந்தலுக்குள் நுழைந்தால் தும்மல் நிற்காது. ஐடிஐயில் சேரப் போனபோது, "வெயில்ல நிக்காத வேல எது சார்?" என்று கேட்டிருக்கிறார். ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிற பிரிவைக் காட்டினார்களாம். படித்து முடித்ததும் கொச்சியில் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் குளிர் அறையில் ஏழு வருடம் வேலை. அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தவர், கல்யாணம் ஆனதும் ஊருக்கு வந்து, ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். கொச்சியிலிருந்து கொண்டுவந்தது கொஞ்சம் மலையாளம். வேலை முடிந்து மெஷின் சரியாக ஓடினால் "மதி" என்பார். போதும் என்று அர்த்தம். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பையைக் கட்டுவார்.

ஹோட்டலுக்குப் போகிற மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் போனால் சமையல்காரர்கள் திட்டுவார்கள். அதனால் மதியச் சாப்பாடு முடிந்து, அடுப்பை அணைத்து, தரையைக் கழுவிவிட்ட பிறகு, நாலு மணி போலத்தான் போவார்கள். எட்வின் அண்ணனும் பதினைந்து வருடமாக அப்படித்தான் போய்வந்தார். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் சைவ ஹோட்டல் கம்பம் தாண்டி, குமுளி போகிற ரோட்டில் இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடிந்ததும் அங்கேதான் நிற்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் பஸ்கள் வரிசை கட்டும். அந்த ஐப்பசிக்கு முந்தின தை மாதம் அண்ணாச்சி பழைய சமையல்கட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். அதோடு அவருடைய பழைய மெக்கானிக் கத்தாருக்குப் போய்விட, எட்வின் அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

அங்கே நாலு கதவு வைத்த எவர்சில்வர் ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு. ஆள் உயரம். மாவு, பால், தயிர், நறுக்கிய காய் எல்லாம் அதில்தான். மாசியில் அதன் கம்ப்ரஸர் எரிந்தது. கம்ப்ரஸர் என்பது ஃபிரிட்ஜின் அடியில் உறுமிக்கொண்டே கிடக்கும் கறுப்பு உருண்டை. அது எரிந்தால் ஃபிரிட்ஜ் வெறும் பீரோதான். எட்வின் அண்ணன் புதிது மாட்டினார். ஆனியில் அதுவும் எரிந்தது. மறுபடி மாட்டினார். அதன் பிறகு எரியவில்லை, ஆனால் குளிரும் சரியாக இல்லை. ஒரு நாள் மாவு உள்ளேயே பொங்கி, பாத்திரத்தின் மூடியைத் தள்ளி, கதவிடுக்கு வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. அன்றைக்குத் தோசை சாப்பிட்டவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோனார்களாம்.

அன்று நாலு மணிக்கு எட்வின் அண்ணன் போனபோது, அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே, டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் கேட்கச் சொன்னார்.

"வாங்க, வாங்க, டாக்டரு வந்துட்டாக. இந்தத் தடவ எத்தன மாசத்துக்கு உயிர் குடுப்பீக?"

"பாத்துர்றேன் அண்ணாச்சி."

"என்னத்தப் பாத்த? நீ மாட்டுறது புதுசுதானா, இல்ல எங்கனயாச்சும் கழட்டுனதக் கொண்டாந்து மாட்டுறியா? சிலுவ போட்டு ஆன் பண்ணிட்டாப் போதுமா? மெஷினுக்குத் தெரியுமா அது?"

டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் உத்தமபாளையத்தில் பேக்கரி வைத்திருப்பவர். அடுத்த வாரம் அந்த பேக்கரியிலிருந்து போன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் இரண்டு ஹோட்டல்கள் வேறு ஆளைக் கூப்பிட்டன. ஃபிரிட்ஜ் வேலையில் பெயர்தான் கடை. எட்வின் அண்ணனுக்கு போர்டு கிடையாது, ஷட்டர் கிடையாது. "எட்வின் மாட்டுனா நிக்கும்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதுதான் எல்லாம். அந்தப் பேச்சு இப்போது "எட்வின் மாட்டுனா மூணு மாசம்" என்று மாறிவிட்டது.

திருப்பூரில் இருக்கும் செலின் அக்காவின் தம்பி, ஏசி கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், மச்சானை வரச் சொல் என்று போன் செய்தார். போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வரமுடியும். பெரிய மகள் பத்தாவது, சின்னவள் ஆறாவது. "நீங்க போறதுன்னா போங்க. ஆனா தப்புப் பண்ணிட்டுப் போனாருன்னு இங்கன பேசுவாகள்ல, அதான் எனக்கு ஆகல" என்று செலின் அக்கா சொன்னார். எட்வின் அண்ணன் இரண்டு முறையும் புது கம்ப்ரஸர்தான் மாட்டியிருந்தார். அதைச் சொல்லி என்ன, ஓடினால்தானே நம்புவார்கள்.

கார்த்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு போன் வந்தது. மூன்றாவதும் எரிந்துவிட்டது. வழக்கம்போல் நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அப்போதே போய்விட்டார்.

அதுதான் அவர் அந்தச் சமையல்கட்டை அடுப்பு எரியும்போது பார்த்த முதல் தடவை.

நுழைந்ததுமே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டதாம். பெரிய அடுப்பு மூன்றும் எரிகின்றன. ஒன்றில் சாம்பார், ஒன்றில் சோறு வடிக்கிற அண்டா, ஒன்றில் கூட்டு. இட்லி அவிக்கிற ஸ்டீமர் ஒரு பக்கம் சீறுகிறது. ஸ்டீமருக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு கை நுழைகிற இடைவெளிகூட இல்லாமல், ஃபிரிட்ஜ். எட்வின் அண்ணன் தெர்மாமீட்டரை எடுத்து அதன் முதுகுப் பக்கம் நீட்டினார். ஐம்பத்தொரு டிகிரி காட்டியது. நாலு மணிக்கு வரும்போது அதே இடம் நம் வீட்டு அடுப்படி மாதிரிதான் இருந்திருக்கிறது.

பவுனு அக்கா அங்கே தலைமைச் சமையல்காரர். ஐம்பது வயது இருக்கும். கரண்டியோடு திரும்பிப் பார்த்து, "ஏந் தம்பி, அதயே மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்று கேட்டார்.

"இது எப்பவும் இங்கனதான் நின்னுச்சாக்கா?"

"எங்க? பழைய கட்டடத்துல பின்னாடி வராண்டாவுல கெடந்துச்சு. எட்டு வருசம் ஒரு சொல்லு சொல்ல முடியாது. இங்கன கொண்டாந்ததுல இருந்துதான் இந்தப் பாடு. நானே பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வெளிய போயி மூஞ்சியக் கழுவிட்டு வாரேன். அதுக்குக் காலு இருக்கா, போயிட்டு வர?"

"இத ஏன்க்கா முன்னமே சொல்லல?"

"நீங்க எப்ப வந்தீக, நான் சொல்ல? நீங்க வர்றப்ப நான் வீட்டுல படுத்துக் கெடப்பேன்."

எட்வின் அண்ணன் என்னிடம் இதைச் சொல்லும்போது சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னுது. செத்ததை மாத்துனேன். ஏன் செத்துச்சுன்னு கேக்கல" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கே இது புரிய நேரமானது. ஃபிரிட்ஜ் குளிரைச் செய்வதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை இறைத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து வாய்க்காலில் விடுகிற மோட்டார் மாதிரி. வாய்க்கால் ஏற்கெனவே நிரம்பி வழிந்தால் மோட்டார் என்ன செய்யும்? அதே மாதிரி, வெளியே ஐம்பது டிகிரி இருந்தால் ஃபிரிட்ஜால் சூட்டைக் கொட்ட முடியாது. கொட்டும் வரை நிற்கவும் செய்யாது. கரண்டை இழுத்துக்கொண்டே, ஓடி ஓடி, ஒரு நாள் எரிந்துபோகும். கம்ப்ரஸரில் குற்றம் இல்லை. நின்ற இடத்தில் குற்றம்.

எட்வின் அண்ணன் கல்லாவுக்குப் போய் அண்ணாச்சியை உள்ளே கூட்டிவந்தார்.

"அண்ணாச்சி, இத இங்கன வைக்கச் சொன்னது யாரு?"

"ஏன்? இதான அக்னி மூல. வாஸ்துக்காரரு வந்து அளந்து சொன்னாரு. நெருப்பு சம்பந்தப்பட்டது பூராவும் தென்கிழக்குக்கு வரணும். அடுப்பு, சிலிண்டரு, கரண்டுப் பெட்டி."

"ஃபிரிட்ஜயும் அவரு சொன்னாரா?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "அவரு அதச் சொல்லல. நானாத்தான் வச்சேன். அதுலயும் கேஸு இருக்குல்ல? நீயே ரெண்டு தடவ வந்து கேஸு போட்டுட்டுப் போன. கேஸு உள்ளதெல்லாம் அக்னிதான?"

எட்வின் அண்ணன் அப்படியே பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டாராம். பத்து மாதமாக மூன்று கம்ப்ரஸரை எரித்தது ஒரு வார்த்தை.

"அண்ணாச்சி, அடுப்புல எரியுற கேஸு வேற, இது வேற. ரெண்டுக்கும் பேருதான் ஒண்ணு. இந்த மெஷின்ல இருக்கறது தீக்குச்சி வச்சாலும் பத்தாது. புதுசா வர்ற சிலதுல எரியுற கேஸும் இருக்கு, இல்லங்கல. ஆனா அத அடுப்புப் பக்கத்துல கொண்டாரவே கூடாது. எப்படிப் பாத்தாலும் இங்கன இது ஆகாது."

"அப்ப எங்கன வைக்கச் சொல்ற?"

எட்வின் அண்ணன் சுற்றிப் பார்த்தார். வடகிழக்கில் இடம் காலியாகக் கிடந்தது. "ஈசானி மூல இருக்குல்ல. தண்ணி மூலன்னு சொல்வாக. குளிர்ச்சிக்குப் பொருத்தந்தான?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏப்பா, ஈசானியத்துல பாரத்த ஏத்துனா குடும்பம் வெளங்குமா? ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற ஆளு, ஒனக்கு ஈசானியத்தப் பத்தி என்ன தெரியும்? கம்ப்ரஸரு நிக்கலன்னதும் இப்ப எங்க வாஸ்து மேல பழியப் போடுற, என்ன?"

ஐம்பது டிகிரி என்று எத்தனை முறை சொன்னாலும் அண்ணாச்சியின் காதில் ஏறாது என்று எட்வின் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தெர்மாமீட்டரைப் பையில் வைத்தார். திருப்பூர்தான் என்று அந்த நிமிடம் முடிவு செய்துவிட்டதாக என்னிடம் சொன்னார்.

அப்போது பவுனு அக்கா சாம்பாரைக் கிண்டிக்கொண்டே கேட்டார். "ஏன் அண்ணாச்சி, வெங்காய மூட்டய எதுக்கு அந்த மூலையில போட்டிருக்கோம்?"

"எந்த மூல? அதுவா, அது வாயு மூல. ஜன்னலு இருக்கு. காத்தாட இருக்கணும்ல, இல்லாட்டி அழுகிப்போகும்."

"வெங்காயத்துக்கே காத்து வேணும்னா, இந்த ஃபிரிட்ஜத் தொண்டக்குழியப் புடிச்ச மாதிரி இப்படி நிறுத்தி வச்சிருக்கோமே, அதுக்கு வேணாமா? பின்னாடி பாருங்க, ஃபேனு வச்சுத்தான செஞ்சிருக்கான்? காத்துக்குத்தான அது?"

எட்வின் அண்ணன் எழுந்தார். "அண்ணாச்சி, அக்கா சொல்றதுதான் சரி. இது நெருப்பு மெஷினு இல்ல. காத்து மெஷினு. உள்ள இருக்குற சூட்ட எடுத்துக் காத்துல விடும். அம்புட்டுத்தான் இதோட வேல."

"காத்து மெஷினு" என்று அண்ணாச்சி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு வெளியே போய் வாஸ்துக்காரருக்கு போன் போட்டார். உள்ளே எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சாப்பாட்டுச் சாமான் வைக்க வாயு மூல உத்தமம்னு சொல்றாரு. மொதல்லயே கேட்டிருக்கலாம்லங்கறாரு." பிறகு குரலை ஏற்றிக்கொண்டார். "சரி, வைக்கிறேன். ஆனா எட்வினு, கார்த்திகை ஒண்ணாந் தேதிக்கு இது நின்னுச்சுன்னு வையி, மதுரையில இருந்து கம்பெனி ஆளக் கூட்டியாந்துருவேன். ஹோட்டல்காரக சங்கத்துல எந்திரிச்சே சொல்லுவேன், ஒன்ன யாரும் கூப்புடாதீகன்னு."

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் எட்வின் அண்ணன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மாற்றலாம் என்றால் ராகு காலம். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினார்கள். வெங்காய மூட்டைகளை நகர்த்தி, ஆறு பேர் சேர்ந்து ஃபிரிட்ஜைத் தள்ளி, வடமேற்கு ஜன்னலோரம் நிறுத்தினார்கள். சுவரை ஒட்டி வைக்கப் பார்த்த அண்ணாச்சியிடம், பின்னால் ஒரு முழம் இடம் விடச் சொன்னார் எட்வின் அண்ணன். "அம்புட்டு எடமும் வீணா?" "அந்த எடந்தான் அண்ணாச்சி மூச்சு." தனியாகக் கரண்ட் லைன் இழுத்தார். சூடு வெளியேறுகிற தகடுகளுக்கு நடுவே பத்து மாதத்து எண்ணெய்ப் பிசுக்கும் மிளகாய்ப் பொடியும் களிமண் மாதிரி அடைத்துக்கிடந்தன. பல் துலக்கும் பிரஷை வைத்துச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். கதவுகளின் ரப்பர் பட்டை நைந்துபோயிருந்தது. அதில் ஒரு காகிதத்தை வைத்து மூடினால் உருவிக்கொண்டு வந்தது. அதையும் மாற்றினார். புது கம்ப்ரஸரை மாட்டி, குழாய்களில் இருக்கும் ஈரத்தை இழுக்க பம்பை ஓடவிட்டுவிட்டு, பொழுது இறங்கும்போது வீட்டுக்குப் போனார். மாவும் பாலும் பக்கத்து ஐஸ் கம்பெனியின் பெட்டிகளில் இருந்தன.

வியாழக்கிழமை காலை. எமகண்டம் கழியட்டும் என்று அண்ணாச்சி ஏழரை மணி வரை காக்க வைத்தார். பிறகு ஃபிரிட்ஜின் நாலு கதவிலும் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். சூடத் தட்டு எட்வின் அண்ணனிடம் வந்தபோது அவர் கையால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டு, கேஸ் ஏற்றி, ஸ்விட்சைத் தட்டினார். உறுமல் கேட்டது. பால் கேன்களும் மாவுப் பாத்திரங்களும் உள்ளே போயின.

பவுனு அக்கா முந்தின நாள் மிஞ்சிய குருமாவைச் சூடுபண்ணி, கொதிக்கக் கொதிக்க அப்படியே உள்ளே வைக்க வந்தார்.

"அக்கா, அக்கா! அது ஆறட்டும்."

"ஆற வச்சா ஈ மொய்க்கும். யாரு வெரட்டுறது, நீங்களா?"

"மூடி போட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள அர மணி நேரம் வைங்க. கொதிக்கறத உள்ள வச்சா, அந்தச் சூட்டையும் இதுதான எறைக்கணும்?"

"மெக்கானிக்கா வந்தீக, இப்ப எனக்கு மாமியாராட்டம் ஆயிட்டீக" என்று சொல்லிக்கொண்டே பவுனு அக்கா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்.

எட்டு மணி, ஒன்பது, பத்து. அடுப்புகள் மூன்றும் எரிந்தன. எட்வின் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பதினொன்று பத்துக்கு உறுமல் நின்றது.

யார் முதலில் கவனித்தது என்பதில்தான் கதை ஒத்துப்போகவில்லை. தான்தான் என்கிறார் பவுனு அக்கா. தான்தான் என்கிறார் எட்வின் அண்ணன். எப்படியோ, பவுனு அக்கா போட்ட சத்தம் ரோடு வரை கேட்டிருக்கிறது.

"ஏலே, நின்னுபோச்சுலே! ஆத்தா, நின்னுபோச்சே!"

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். அண்ணாச்சி கல்லாவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். "நாலு மணி நேரங்கூடத் தாங்கலையே! வாயு மூலையாம், காத்து மெஷினாம்! எங்க அந்த ஆளு? எங்க போனான்?"

எட்வின் அண்ணன் கொல்லைக் கதவு வழியாக வந்தார். குனிந்து கம்ப்ரஸரின் மேல் உள்ளங்கையை வைத்தார். முன்பெல்லாம் வைத்தால் சுரீரென்று சுடும். இப்போது வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எரிந்த வாடையும் இல்லை. எழுந்து கதவைத் திறந்து உள்ளே தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்தார். நாலு டிகிரி. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாலுதான்.

கதவை மூடிவிட்டு, அதன் மேலேயே சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னப்பா சிரிக்கற? எரிஞ்சுபோச்சா இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி. கட் ஆயிருக்கு. வேணுங்கற குளிரு வந்துருச்சு, தானா நின்னுருச்சு. நிக்கணும் அண்ணாச்சி. ஃபிரிட்ஜுன்னா நின்னு நின்னுதான் ஓடணும்."

"அப்ப இவ்வளவு நாளு?"

"தையில இருந்து இது ஒரு நிமிசம் நிக்கல. ராப்பகலா ஓடிக்கிட்டே கெடந்துருக்கு. அந்தச் சத்தத்துக்கே நம்ம காது பழகிப்போச்சு. இப்ப அது ரெஸ்ட் எடுக்குது, நம்ம செத்துப்போச்சுங்கறோம்."

அண்ணாச்சி நம்பவில்லை. "திரும்ப எப்ப எந்திரிக்கும்?"

"உள்ள சூடு கூடுனா எந்திரிக்கும்."

"எந்திரிக்கட்டும். பாத்துட்டுத்தான் போவேன்."

எல்லோரும் நின்றார்கள். ஹாலிலிருந்து யாரோ "சாம்பார் கொண்டாங்கப்பா" என்று கத்தினார்கள். ஒருவரும் போகவில்லை. அடுப்புச் சத்தத்துக்கு நடுவே அந்த ஒரு மூலை மட்டும் அமைதியாக இருந்தது. ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி ஃபிரிட்ஜையே பார்த்தார். கட் ஆனது நிச்சயம் என்று எட்வின் அண்ணனுக்குத் தெரியும். ஆனால் கடந்த பத்து மாதத்தில் அவருக்குத் தெரிந்தது எத்தனை பொய்த்துப் போயிருக்கிறது!

பன்னிரண்டாவது நிமிடம் 'டக்' என்றது. ஒரு சின்ன நடுக்கம். உறுமல் தொடங்கியது.

பவுனு அக்கா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். சமையல்கட்டில் இருந்த மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சாம்பார் கேட்ட ஆள், உள்ளே என்ன விசேஷம் என்று இலையில் இருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எட்வின் அண்ணன் "மதி" என்றார். அப்புறம்தான் பசி தெரிந்ததாம். ஏழு இட்லி சாப்பிட்டார். பவுனு அக்கா எண்ணியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் செலின் அக்கா வாசலிலேயே முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட உள்ளே போனார். சாயந்திரம் தம்பி திருப்பூரிலிருந்து கூப்பிட்டபோது, "அவுக வரலடா, இங்கன வேல இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அப்போது உண்மையில் ஒரு வேலையும் இல்லை.

கார்த்திகை ஒன்றாம் தேதி, ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் பஸ்கள் வந்தன. விடிந்ததிலிருந்து மதியம் வரை தோசைக்கல் ஆறவில்லை. ஃபிரிட்ஜ் தன் பாட்டுக்கு நின்று நின்று ஓடியது. எட்வின் அண்ணன் பதினொரு மணிக்குப் போய், பவுனு அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ஓரமாக நின்று கடிகாரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தார். அடுப்பு எரியும் நேரத்திலேயே மணிக்கு இருபது நிமிடம் கம்ப்ரஸர் சும்மா இருந்தது. அந்த இருபது நிமிடமும் முன்பு வீணாகப் போன கரண்ட். மாவு புளிக்கவில்லை. சீசன் முழுக்க ஒரு நாளும் புளிக்கவில்லை. அடுத்த கரண்ட் பில் அவ்வளவு குறைந்து வந்தபோது அண்ணாச்சி மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஈபி ஆபீஸுக்கே கிளம்பிவிட்டாராம். பவுனு அக்காதான் தடுத்து உட்கார வைத்திருக்கிறார்.

அண்ணாச்சி ஒன்று சொன்னார் என்றால் அதை ஊர் முழுக்கச் சொல்பவர். சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். ஆனால் தன் வழியில் சொன்னார். "எல்லாரும் ஃபிரிட்ஜ வாயு மூலைக்கு மாத்துங்க. நான் மாத்தினேன், கம்ப்ரஸரு எரியறது நின்னுச்சு, பில்லு எறங்கிருச்சு. எட்வின்னு ஒருத்தரு இராயப்பன்பட்டியில இருக்காரு. சர்ச்சுக்குப் போற வேதக்காரருதான், ஆனா மூல பாக்கறதுல கெட்டிக்காரரு."

மூன்றே நாளில் போன் வர ஆரம்பித்தது. பழைய பேக்கரிக்காரர் கூப்பிட்டார். ஹோட்டல்கள் கூப்பிட்டன. போடியிலிருந்து ஒரு கல்யாண மண்டபம் கூப்பிட்டது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "மூல பாக்கணும், வர்றீகளா?"

எட்வின் அண்ணனுக்கு இது கொஞ்சம் உறுத்தியது. செலின் அக்கா கேலி செய்தார். "ஃபாதர் காதுல விழுந்தா என்ன சொல்லுவீக? பாவசங்கீர்த்தனத்துல போயி, சாமி, நான் வாயு மூல பாத்தேன்னு சொல்லுவீகளா?"

"நான் எங்கடி மூல பாத்தேன்? சூடு பாத்தேன்."

"அதச் சொல்லுங்க அவுககிட்ட."

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அவர் போடிக்குப் போனார். காலை பதினொரு மணிக்கு, அடுப்பு எரியும்போது. மண்டபத்தின் மேனேஜர் முத்துராஜா, கையில் திசை காட்டும் கருவியோடு வாசலிலேயே காத்திருந்தார். சமையல்கூடத்துக்குக் கூட்டிப்போய், ஒரு மூலையைக் காட்டி, "இதான்ணே வாயு மூல. காலி பண்ணியே வச்சுட்டோம். ஃபிரிட்ஜ இங்கன தள்ளிரலாமா?" என்றார்.

எட்வின் அண்ணன் பார்த்தார். அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் விறகடுப்பு. சுவரைத் தொட்டால் கை பொறுக்கவில்லை.

"இங்கன வேணாம். இது எரிஞ்சுரும்."

"ஏண்ணே? வாயு மூலதான உத்தமம்னு கம்பத்துல சொன்னாக?"

"தம்பி, உள்ளதச் சொல்லிர்றேன். எனக்கு மூலயெல்லாம் தெரியாது. அடுப்பு எங்க இருக்கு, காத்து எந்தப் பக்கம் வருது, மெஷினுக்கு மூச்சுவிட எடம் இருக்கா, அதத்தான் நான் பாப்பேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு, இந்த வேலை கிடைக்காது என்று பையைத் தோளில் மாட்டினார். முத்துராஜா திசை காட்டும் கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதுக்குப் பேருதானண்ணே வாஸ்து. வாங்க, எந்தப் பக்கம்னு காட்டுங்க."